விக்கித்தரவின் வரலாறு: வார்ப்புருவிலிருந்து பொதுத் தரவுத்தளம் வரை

விக்கித்தரவு என்பது விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளும் பொதுவாகப் பயன்படுத்தும் கட்டற்ற தரவுத்தளம் ஆகும். இது 2012 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுதிவைத்து, தேவையான பக்கங்களிலெல்லாம் அங்கிருந்தே எடுத்துக்காட்டுவது இதன் அடிப்படை. பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தியை எங்கே வைப்பது, அதை யார் திருத்துவது என்பது எல்லா உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களும் சந்திக்கும் கேள்வி. விக்கிப்பீடியா இதற்குப் படிப்படியாகவே விடை கண்டது.

படியெடுத்தலின் சிக்கல்

விக்கிப்பீடியா 2001 சனவரி 15 அன்று தொடங்கியது. தமிழ்ப் பதிப்பு 2003 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி உரையாகவே இருந்தது. ஒரே செய்தி நூறு பக்கங்களில் வேண்டுமானால் நூறு முறை எழுத வேண்டும்; மாறினால் நூறு முறை திருத்த வேண்டும்.

இதன் சுமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவில், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியானது. அந்த ஊரைப் பற்றிய கட்டுரை, சுற்றியுள்ள சிற்றூர்களின் கட்டுரைகள், மாவட்டப் பட்டியல்கள், பிற மொழிகளில் உள்ள கட்டுரைகள் என ஒவ்வொன்றிலும் மாவட்டத்தின் பெயர் தனியே எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஒரே கலைக்களஞ்சியம் ஒரே ஊரை இரண்டு மாவட்டங்களில் காட்டும்.

வார்ப்புருக்கள்

மீயுரை என்ற கருத்துக்குப் பெயரிட்ட டெட் நெல்சன், ஒரு பகுதியைப் படியெடுத்து ஒட்டுவதற்குப் பதிலாக, மூலத்துடன் தொடர்பு அறாமல் அதையே வேறிடத்தில் தோன்றச் செய்யலாம் என்று கூறிவந்தார். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இத்தகைய வசதி 2004 இல் தனிப் பெயர்வெளியாக நிலைபெற்றது. தமிழ் விக்கிப்பீடியர் இதனை வார்ப்புரு என்பர். ஒரே அச்சிலிருந்து பல வார்ப்புகள் எடுப்பதுபோல, ஒரே வார்ப்புருவைப் பல பக்கங்கள் அழைக்கும். தமிழக மாவட்டங்களின் பட்டியல் ஒரு வார்ப்புருவாக இருந்தால், அதில் ஒரு பெயரைச் சேர்த்ததும் அதை அழைக்கும் எல்லாப் பக்கங்களிலும் அப்பெயர் தோன்றும்.

கட்டுரையின் ஓரத்தில் காணப்படும் தகவற்சட்டமும் வார்ப்புருவே. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. சட்டத்தின் வடிவம் மட்டுமே பொதுவானது. மக்கள்தொகை, பரப்பளவு போன்ற மதிப்புகள் அந்தந்தக் கட்டுரைக்குள்ளேயே எழுதப்பட்டன. ஒரு மொழிப் பதிப்பின் வார்ப்புருவை மற்றொரு மொழிப் பதிப்பு அழைக்கவும் இயலவில்லை.

மொழியிடை இணைப்புகள்

இக்குறை மிகுதியாகத் தெரிந்த இடம் மொழியிடை இணைப்புகள். ஒரு பொருளைப் பற்றி 100 மொழிகளில் கட்டுரைகள் இருந்தால், ஒவ்வொரு கட்டுரையிலும் மற்ற 99 மொழிகளுக்கான இணைப்புகளை எழுத வேண்டும். மொத்தம் 9,900 இணைப்புகள். புதிதாக ஒரு மொழி சேர்ந்தால் 100 பக்கங்களையும் திருத்த வேண்டும். இவ்வேலையைப் பெரும்பாலும் தானியங்கிகள் செய்தன. ஓரிடத்தில் தவறான இணைப்பு நுழைந்தால், அவை அதையும் பிற மொழிகளுக்குக் கொண்டுசென்றன.

முன்னோடி முயற்சிகள்

2005 இல் மார்க்கஸ் குரோட்ச், டென்னி விராந்தெசிச், மாக்ஸ் வோல்கல் ஆகியோர், விக்கி இணைப்புகளுக்கு இன்ன உறவு என்று பொருள் குறிக்கும் முறையை முன்வைத்தனர். இதிலிருந்து செமான்டிக் மீடியாவிக்கி என்ற நீட்சி உருவானது. வேறு பல தளங்கள் அதைப் பயன்படுத்தின, விக்கிப்பீடியா ஏற்கவில்லை. 2007 இல் வெளிவந்த டிபிபீடியா, தகவற்சட்டங்களிலிருந்து தரவுகளைப் பிரித்தெடுத்தது. ஆனால் அங்கே சீர்செய்த தரவு விக்கிப்பீடியாவுக்குத் திரும்பி வரவில்லை.

விக்கித்தரவு

விராந்தெசிச்சின் தலைமையில், விக்கிமீடியா செருமனி அமைப்பு விக்கித்தரவை உருவாக்கியது. இதில் ஒவ்வொரு பொருளும் ஓர் உருப்படி. அதன் அடையாளம் பெயரன்று, எண். சென்னையின் எண் க்யூ 1352. பெயர்கள் மொழிதோறும் அந்த எண்ணுடன் சேர்க்கப்படுகின்றன. மதராஸ் 1996 இல் சென்னை ஆனது போன்ற பெயர் மாற்றங்களால் எண் மாறாது, இணைப்புகளும் அறுந்துபோகா.

உருப்படியைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் ஒரு கூற்றாக எழுதப்படும். கூற்றில் ஒரு பண்பும் அதன் மதிப்பும் இருக்கும். மக்கள்தொகை என்ற பண்பின் எண் பி 1082. கூற்றுடன் காலத்தையும் ஆதாரத்தையும் சேர்க்கலாம். எனவே சங்கரன்கோவில் 2019 வரை திருநெல்வேலியிலும், அதன்பின் தென்காசியிலும் உள்ளது என்ற இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும்.

மொழியிடை இணைப்புகளை முதலில் அங்கேரிய விக்கிப்பீடியா 2013 சனவரியில் விக்கித்தரவிலிருந்து பெற்றது. அவ்வாண்டு மார்ச்சுக்குள் எல்லா மொழிகளும் அவ்வாறு பெறத் தொடங்கின. 9,900 இணைப்புகள் இருந்த இடத்தில் ஓர் உருப்படியில் 100 இணைப்புகள் போதுமாயின. ஏப்ரலில் கூற்றுகளையும் எல்லாப் பதிப்புகளும் பயன்படுத்த முடிந்தது.

எதிர்ப்பும் எல்லைகளும்

ஒரே இடத்தில் திருத்தினால் எங்கும் திருந்தும் என்பதன் மறுபக்கம், ஒரே இடத்தில் கெடுத்தால் எங்கும் கெடும் என்பதாகும். கைப்பேசியில் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே வரும் குறுவிளக்கம் விக்கித்தரவிலிருந்து எடுக்கப்பட்டது. தம் கண்காணிப்புக்கு வெளியே நடக்கும் விசமத் திருத்தங்கள் தம் பக்கத்தில் தோன்றுவதை ஆங்கில விக்கிப்பீடியர் பலர் எதிர்த்தனர். 2018 முதல் ஆங்கிலப் பதிப்பு தன் குறுவிளக்கங்களைத் தானே எழுதத் தொடங்கியது. மாறாக, காட்டலான், பாசுக்கு மொழிப் பதிப்புகள் தகவற்சட்டங்களைப் பெருமளவு விக்கித்தரவிலிருந்தே நிரப்புகின்றன. குறைந்த எண்ணிக்கையிலான பங்களிப்பாளர் உள்ள மொழிக்கு, பிறர் திருத்திய மதிப்பு தானே வந்துசேர்வது பெரிய உதவி.

எல்லா மொழிகளும் உலகை ஒரே வகையில் பகுப்பதில்லை என்பது மற்றொரு சிக்கல். ஒரு மொழியில் போனி, கிளைடு என்ற இரு குற்றவாளிகளுக்கும் ஒரே கட்டுரை இருக்கலாம். வேறொரு மொழியில் இரண்டு தனிக் கட்டுரைகள் இருக்கலாம். ஓர் உருப்படிக்கு ஒரு மொழியில் ஒரே கட்டுரை என்ற விதியில் இவை பொருந்துவதில்லை. இது போனி–கிளைடு சிக்கல் என்றே அழைக்கப்படுகிறது.

தமிழுக்கும் இதில் தனிப் பொறுப்பு உண்டு. தமிழ்ப் பெயர் சேர்க்கப்படாத உருப்படி, தமிழ்க் கட்டுரையின் தகவற்சட்டத்தில் ஆங்கிலத்திலேயே தோன்றக்கூடும். மதிப்புகளை எந்த மொழியினரும் நிரப்பலாம். தமிழ்ப் பெயரைத் தமிழ் அறிந்தவரே எழுத வேண்டும். அப்பெயரை ஒருமுறை எழுதினால், அந்த உருப்படி பயன்படும் தமிழ்ப் பக்கங்கள் அனைத்திலும் அது தோன்றும்.