ஆக்கச்சொல்லும் ஆட்சிச்சொல்லும்

ஒருவரைப் பெயரிட்டு அழைப்பது வேறு. அவருக்கு ஒரு நிலையைச் சூட்டுவது வேறு. முன்னது சுட்டுதல், பின்னது ஆக்குதல். தலைவன், தூதன், கள்வன், பகைவன் என்னும் நிலைகள் பலவும் பிறப்போடு வருவன அல்ல. பிறர் வாய்ச்சொல்லால் வருவன. அவ்வாறு ஒருவரை ஒரு நிலையோடு பிணைக்கும் வினைச்சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அவ்வினைகளின் அமைப்பு மொழிக்கு மொழி மாறுவது இலக்கணச் செய்தி. அவை மக்கள் வாழ்வை மாற்றியது வரலாற்றுச் செய்தி. புதியம்புத்தூரைச் சூழ்ந்த கரிசற்சீமை இவ்விரண்டையும் ஒருங்கே காட்டவல்லது.

ஆங்கிலத்தின் வழி

ஆங்கிலத்தில் இவ்வினைகள் சில வகைப்படும். 'எலெக்ட்', 'அப்பாயின்ட்' முதலிய வினைகளுக்குப் பின் ஆளின் பெயரும் பதவிப் பெயரும் அடுத்தடுத்து நிற்கும். இடையில் இணைக்கும் சொல் கட்டாயமன்று. 'ரிகார்டு', 'டிஸ்கிரைப்' போன்ற வினைகள் 'ஆஸ்' என்னும் இடைச்சொல்லை வேண்டும். 'கன்சிடர்' என்னும் வினையோ 'டு பி' என்பதைக் கொண்டும் வரும், கொள்ளாமலும் வரும். ஒன்றை மற்றொன்றாகப் பிழைபடக் கருதுவதைச் சொல்ல 'மிஸ்டேக்' என்பதோடு 'ஃபார்' வரவேண்டும். எந்த வினைக்கு எது என்பதற்குப் பொதுவிதி இல்லை, வழக்கே விதி. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் இவ்விடத்தில் இடறுவதன் காரணமும் அதுவே.

தமிழின் வழி

தமிழில் ஆளின் பெயர் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். நிலையைக் குறிக்கும் பெயர் பெரும்பாலும் மூவழிகளுள் ஒன்றை நாடும். 'அவரைத் தூதராக அனுப்பினர்' என்பதில் 'ஆக'. 'அவரைத் தூதர் என்று நம்பினர்' என்பதில் 'என்று'. 'அவரைத் தூதரைப் போல நடத்தினர்' என்பதில் 'போல'. மூன்றும் ஒன்றல்ல. 'ஆக' என்பது நிலை உண்டாயிற்று என்கிறது. 'என்று' என்பது அந்நிலை ஒருவர் கூற்று அல்லது கருத்து என்கிறது. 'போல' என்பது நிலை இல்லை, ஒப்புமையே உண்டு என்கிறது. 'மகனாக வளர்த்தாள்' என்பதற்கும் 'மகனைப் போல வளர்த்தாள்' என்பதற்கும் உள்ள தொலைவை வளர்ப்புப் பிள்ளைகள் நன்கறிவர். ஆங்கிலத்தின் 'ஆஸ்' என்னும் ஒரு சொல் இம்மூன்று இடங்களிலும் புகக்கூடும். எனவே மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் தேர்ந்து தெளிய வேண்டியவராகிறார்.

'கருதுதல்' என்னும் வினைக்கும் 'ஆக்குதல்' என்னும் வினைக்கும் இடையே உயிரே நிற்கக்கூடும் என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. பாண்டியன் கோவலனைக் கள்வன் என்று கருதினான். ஆராயாது கள்வனாகவே ஆக்கிவிட்டான். கண்ணகி வழக்குரைத்தபோது சிலம்பு உடைந்தது. 'என்று' வேறு, 'ஆக' வேறு என்பது அவையில் வெளிப்பட்டது. தன்னையே கள்வன் எனக் கூறி மன்னன் உயிர் நீத்தான்.

நான்காம் வேற்றுமையும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. ஒன்று மற்றொன்றாக மாறுவதைக் 'கு' உருபு உணர்த்தும் என இலக்கண நூலார் வகுத்தனர். தொல்காப்பியம் 'அதுவாகு கிளவி' என்றும், நன்னூல் 'அதுவாதல்' என்றும் இதனைக் குறிக்கும். உரையாசிரியர் பொன் அணிகலனாவதை எடுத்துக்காட்டினர். ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர்பெற்ற இன்றைய புதியம்புத்தூரில் 'சட்டைக்குத் துணி வெட்டினார்' என்று ஒருவர் சொல்லும்போது அப்பழைய விதி அங்கே உயிரோடு இருக்கிறது. துணி சட்டையாகப் போகிறது. அதைச் சொல்ல ஓர் உருபே போதுமானதாகிறது.

காரணம் முற்கூறும் விதி

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தில் அடுத்தடுத்து அமைந்த சில நூற்பாக்கள் இப்பொருளின் உயிர்நிலையைத் தொடுகின்றன. இயல்பாய் அமைந்த பொருளை 'இத்தன்மைத்து' என்று சொல்லி நிறுத்துக. செயற்கையால் தன்மை திரிந்த பொருளை ஆக்கச்சொல் கொடுத்துச் சொல்லுக. அவ்வாக்கச்சொல்லுக்கு முன் காரணத்தையும் கூறுக என்பது அவற்றின் கருத்து. நிலம் வலிது என்று வாளா கூறலாம். பயிர் நன்றாயிற்று என்றால், எருவிட்டதும் களை பறித்ததும் நீர் பாய்ச்சியதும் முன்னே சொல்லப்படல் வேண்டும். இக்கருத்துப்பட உரையாசிரியர் காட்டிய எடுத்துக்காட்டு, மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விதைக்கும் கரிசற்காட்டு உழவர்க்கு விளக்கம் வேண்டாதது. வழக்கில் காரணமின்றியும் ஆக்கச்சொல் வரும் என்று அடுத்து ஒரு விலக்கும் தரப்பட்டுள்ளது. எனினும் விதி விதியே: ஒன்று மற்றொன்றாயிற்று எனின், எதனால் என்று கேட்கும் உரிமை கேட்போர்க்கு உண்டு.

சொல்லதிகாரத்திற்கு நுண்ணிய உரை வரைந்த சேனாவரையரைக் கொற்கையைச் சார்ந்த மாறோக்கத்தவர் என்பர். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவருள் ஒருவரான வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் புதியம்புத்தூருக்கு அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். ஆக்கத்திற்குக் காரணம் கேட்கும் மரபு இம்மண்ணுக்கு அயலானதன்று.

பாளையம் கண்ட பெயர்மாற்றம்

ஒட்டப்பிடாரத்தை அடுத்தது பாஞ்சாலங்குறிச்சி. பாளையக்காரர் என்னும் சொல்லை ஆங்கிலேயர் 'போலிகார்' என்று தம் நாவுக்கேற்பத் திரித்தனர். வரிப்பிணக்கு முற்றி, 1798இல் இராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனோடு கட்டபொம்மனுக்கு மோதல் நேர்ந்தது. 1799 செப்டம்பரில் பானர்மன் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், ஏனைய பாளையக்காரர் கூட்டப்பட்டிருக்க, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கும்பினியார் ஏடுகளில் அவர் கலகக்காரர். தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிக் கோட்டையை மீள எழுப்பினார். மே மாதம் அதுவும் வீழ்ந்தது. எஞ்சிய பாளையக்காரர் படையும் காவலுரிமையும் இழந்து வரி செலுத்தும் ஜமீன்தார் ஆயினர். காவலனை நிலவரிதாரனாக மாற்ற ஆட்சிக்கு ஓர் ஆணைச் சொல் போதுமானதாக இருந்தது. அந்த ஜமீன்தார் நிலையும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

இடையன்குடியிலிருந்து பணியாற்றிய கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணத்தையும் 1881இல் திருநெல்வேலி வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். புதியம்புத்தூருக்குத் தெற்கேயுள்ள சாயர்புரத்தில் அதற்கு முன்பே ஜி.யு.போப் கல்விப்பணி ஆற்றியிருந்தார். மொழியின் இலக்கணமும் மண்ணின் வரலாறும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்நூற்றாண்டில், ஆட்சியின் சொற்களும் அவ்வழியே தமிழுக்குள் இறங்கின.

அவற்றுள் கொடியது 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம். அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு ஒரு கூட்டத்தையே குற்றப்பரம்பரையாக அறிவிக்க அரசுக்கு அது அதிகாரம் தந்தது. 'டிக்ளேர்' என்னும் அவ்வினைக்குப் பின் ஒரு சாதியின் பெயர் நின்றால், அதில் இனிப் பிறக்கும் குழந்தையும் குற்றவாளியாயிற்று. செயற்கையை இயற்கைபோல் காட்டிய கொடுமை அது. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தொல்காப்பியர் கேட்கச் சொன்ன காரணத்தை அதுவரை பலர் போராடிக் கேட்க வேண்டியிருந்தது.

வ.உ.சி. வாழ்வும் இவ்வகை வினைகளால் அலைக்கழிக்கப்பட்டதே. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டவரை 1908இல் அரசு இராஜத்துரோகி ஆக்கிற்று. நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலை கிடைத்தது. வழக்குரைஞர் உரிமையும் பறிபோயிருந்தது. பின்னர் வாலஸ் என்னும் நீதிபதியின் உதவியால் அது மீளக் கிடைக்க, 1920களில் கோவில்பட்டியில் அவர் வழக்குரைத்தார். அதே மனிதரை மக்கள் கப்பலோட்டிய தமிழராகக் கொண்டாடினர். ஆட்சி சூட்டிய பெயர் ஏட்டில் நின்றது. மக்கள் சூட்டிய பெயர் நாவில் நின்றது. இவர் 1909இல் ஜேம்ஸ் ஆலன் நூலொன்றை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். மூலத்தின் தலைப்பில் 'ஆஸ்' உண்டு. அதனை 'ஆக' என மயங்காது 'போல' என்று தெளிந்தது அவர்தம் மொழிநுட்பம்.

எட்டயபுரம் தந்த இரு பெயர்கள்

வடக்கே எட்டயபுரம் இருவேறு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. எட்டப்பர் என்பது அவ்வூர் ஆட்சியாளரின் குடிப்பட்டம். கட்டபொம்மன் கதை கூத்திலும் நூலிலும் 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் பரவியபோது, அப்பட்டம் காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. ஒரு குடியில் வந்த அனைவர்க்கும் உரிய பெயரை ஒருவர் செயல்மேல் ஏற்றி வசையாக்கியது வழக்கு. பொதுமக்கள் நாவும் காரணம் ஆராயாது ஆக்கச்சொல் வழங்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

மற்றொன்று இனியது. 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் அங்கே பிறந்த சுப்பிரமணியன், பதினோராம் அகவையில் புலவர் அவையில் தன் கவித்திறம் காட்டிப் 'பாரதி' ஆனான். அந்த ஆக்கத்திற்குக் காரணம் முன்னே நின்றது. கண்டோர் நடுவே நின்றது. ஆதலின் அப்பட்டம் இயற்பெயரினும் நிலைத்தது. ஆணையால் வந்த பெயர்கள் ஆணையோடு போயின. காரணத்தால் வந்த பெயர் காலத்தை வென்றது.

இன்றைய எழுத்து

ஆட்சித்தமிழும் செய்தித்தமிழும் இன்று இருவகையில் இவ்விதியை மறக்கின்றன. ஒன்று, 'அவர் சிறந்த கவிஞராக இருக்கிறார்' என்னும் நடை. 'அவர் சிறந்த கவிஞர்' என்றாலே அமையும். இயல்பைக் கூற 'ஆக' வேண்டா என்பது பழைய இலக்கணம். மற்றொன்று, 'பயங்கரவாதியாகக் கருதப்படுகிறார்', 'ஆக்கிரமிப்பாளராக அறிவிக்கப்பட்டார்' என்னும் செயப்பாட்டு நடை. கருதியவர் யார், அறிவித்தவர் யார், எக்காரணத்தால் என்பன மூன்றும் அதில் மறைந்துவிடுகின்றன. ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது அதன் ஒளிவிடமும் உடன் வந்துவிடுகிறது.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. கலகக்காரராகத் தூக்கிலிடப்பட்டவர் அங்கே வீரராக நிற்கிறார். இடைப்பட்ட 175 ஆண்டுகளில் மாறியது அவர் செயலன்று. அவர்மேல் வைக்கப்பட்ட வினைச்சொல். பாடல் புனைவோரும் மொழிபெயர்ப்போரும் ஒருவரை ஒரு நிலையில் நிறுத்துமுன், 'ஆக' வேண்டுமா, 'என்று' வேண்டுமா, 'போல' வேண்டுமா எனத் தெளிதல் நன்று. ஆக்கச்சொல் எங்கே வரினும் அதன் காரணத்தை முன்னே நிறுத்துதல் இலக்கணம் கேட்பது. அறமும் அதனையே கேட்கிறது.