காலுக்கு வந்த முரசு

கோயில் நோம்பிக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்காத ஊர் சூலூர் வட்டாரத்தில் அநேகமாக இருக்காது. மேடையில் டிரம்ஸ் செட்டின் நடுவே வட்டமாக நிற்கும் பெரிய முரசை எல்லோரும் பார்த்திருப்போம். அதுதான் பேஸ் டிரம். அதை அடிப்பது கையல்ல, கால். ராக் இசையின் கனத்த கிளையான மெட்டலில், டெத் மெட்டல் போன்ற அதிதீவிர வகை ஆல்பங்களில் அந்த முரசு ஒரு நொடிக்குப் பதின்மூன்று முறைகூட அதிரும். முதல் தடவை கேட்கிற சோமனூர்க்காரர், விசைத்தறிக் கொட்டகைக்குள் நுழைந்தது போலிருக்கிறது என்பார். தறியை ஓட்டுவது மோட்டார். இங்கே ஓடுவது ஒரு மனிதனின் இரண்டு பாதங்கள். அந்தப் பாதங்களுக்கு முரசு வந்து சேர்ந்த கதை நீளமானது.

கதையின் தொடக்கம் ஆட்டமன் துருக்கியரின் படை வாத்தியம். சுல்தானின் வீரர்களுக்கு முன்னால் பெருமுரசும் சிம்பலும் முழங்கிச் செல்லும். சிம்பல் வார்ப்பதில் பெயர்பெற்ற ஆர்மீனியர் ஒருவர் 1623இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய ஸில்ஜியான் பட்டறை, இன்று அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்க டிரம்மர்களுக்குச் சிம்பல் விற்கிறது. போர்க்களத்தில் எதிரிகளாகக் கேட்ட சத்தத்தை ஐரோப்பியர் பிறகு ஆசைப்பட்டு நகலெடுத்தார்கள். மொஸார்ட் 1782இல் ஓர் ஓபராவிலும், ஹைடன் 1794இல் ஒரு சிம்பனியிலும் துருக்கி பாணி முரசைச் சேர்த்தார்கள்.

அப்போதும் முரசுக்கு ஓர் ஆள், சிம்பலுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அமெரிக்காவின் நாடகக் கொட்டகைகளில் இடமும் குறைவு, கொடுக்கப் பணமும் குறைவு. எல்லாவற்றையும் ஒருவரே வாசிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. காலால் இயக்கும் மிதிகள் சில ஏற்கெனவே இருந்தன. ஆனால் ராக்டைம் இசையின் ஓட்டத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. சிகாகோவில் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் லுட்விக் பொறுமையிழந்து மரத்தில் தானே ஒரு மிதி செய்துபார்த்தார். பக்கத்து டிரம்மர்கள் எனக்கொன்று எனக்கொன்று என்று கேட்கவே, 1909இல் தம்பியுடன் சேர்ந்து கம்பெனியே தொடங்கிவிட்டார்.

ஒரு காலுக்கு வேலை கிடைத்தது. இன்னொரு காலுக்கு வேலை கொடுத்தவன் ஒரு பள்ளிக்கூடப் பையன். 1939இல் பதினைந்து வயது லூயி பெல்சன், ஓவிய வகுப்பில் இரண்டு பேஸ் டிரம் கொண்ட செட் ஒன்றை வரைந்தான். படத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதைச் செய்துதரும் கம்பெனி கிடைக்கத்தான் சில வருடங்களாயின. 1951இல் ட்யூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் பெல்சன் சேர்ந்தபோது, இரண்டு முரசுகளும் அவருடன் சேர்ந்து அந்த மேடைக்கும் வந்தன.

அவர் விலகிய பிறகும் எலிங்டன் குழுவில் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 1966இல் லண்டனில் அந்தக் குழுவின் கச்சேரிக்குப் போனவர்களில் ராக் டிரம்மர்களான ஜிஞ்சர் பேக்கரும் கீத் மூனும் உண்டு. எனக்கும் இப்படியொரு செட் வேண்டும் என்று பேக்கர் சொல்ல, அவருடையது வந்து சேர்வதற்குள் மூன் முந்திக்கொண்டார் என்று பேக்கரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஜாஸிலிருந்து ராக்குக்கு இரட்டை முரசு கைமாறியது இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். கர்நாடக இசை அறிஞர் எஸ். ராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றுக்கொடுத்தார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் நடத்திய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில், பனாமாவில் பிறந்த பில்லி காபம் இரட்டை பேஸ் டிரம் வாசித்தார். நாலுக்கு நாலு என்ற வழக்கமான ராக் கணக்கை உடைத்துக்கொண்டு ஓடும் அந்த வாசிப்பு, நம் லய உலகத்துக்குப் பக்கத்து வீடு.

அடுத்த திருப்பம் தற்செயல். மோட்டார்ஹெட் குழுவின் ஃபில் டெய்லருக்குப் புதிதாக இரண்டாவது முரசு வந்திருந்தது. காலைப் பழக்க ஒரே தாளத்தை அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தப் போனபோது, நிறுத்தாதே என்றார்கள் கூட்டாளிகள். 1979இல் வெளிவந்த ‘ஓவர்கில்’ பாட்டு அந்தப் பயிற்சியில் பிறந்தது. வேக மெட்டல் என்று இன்று நாம் கேட்பதற்கெல்லாம் அது முன்னோடி.

1983இல் அமெரிக்காவின் டிரம் வொர்க்‌ஷாப் கம்பெனி ஒரு டபுள் பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு மிதிகளை ஒரு தண்டு இணைக்கும். இரண்டு சுத்திகள் ஒரே முரசை அடிக்கும். ஆஸ்திரேலியாவில் ஸ்லீஷ்மன் என்பவர் அதற்கு முன்பே இப்படி ஒன்றைச் செய்திருந்தார் என்றாலும், பரவலாகப் போனது இதற்குப் பிறகுதான். இரண்டாவது முரசைச் சுமக்கும் செலவு மிச்சம். சின்ன ஊர் டிரம்மருக்கும் இரட்டைக்கால் எட்டியது.

அப்புறம் வேகம் பிடித்தது. கியூபாவில் பிறந்த டேவ் லம்பார்டோ, 1986இல் ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்தில் பத்துப் பாடல்களை 29 நிமிடத்துக்குள் ஓட்டினார். 1987இல் பர்மிங்காமின் நேபாம் டெத் குழு, ‘ஸ்கம்’ ஆல்பத்தில் கையும் காலும் மாறிமாறிப் பொழியும் பிளாஸ்ட் பீட்டை உலகுக்குக் காட்டியது. தபாலில் கேசட்டுகளை மாற்றிக்கொண்ட ரசிகர்கள் இதையெல்லாம் கண்டம்விட்டுக் கண்டம் கடத்தினார்கள். எல்சால்வடோரில் பிறந்த பீட் சாண்டோவல், மார்பிட் ஏஞ்சல் குழுவில் சேர்ந்த பிறகுதான் இரட்டைக்காலை முறையாகப் பழகினார். 1989இல் வந்த அவர்களின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ ஆல்பத்தைக் கேட்டால் நம்பமுடியாது. என் கணக்கில் டெத் மெட்டல் டிரம்ஸுக்கு அதுவே பாடப்புத்தகம்.

நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில், அடிக்கு நாலாகக் கால் ஓடினால் நிமிடத்துக்கு 800 மிதி. தொடைக்கு அந்த வேகம் வராது, கணுக்காலுக்குத்தான் வரும். பலவீனமான இடது கால் வலதுக்குச் சமமாக ஒலிக்க வருடங்கள் பிடிக்கும். முரசில் பொருத்தும் டிரிக்கர் என்ற கருவி அடியின் கனத்தைச் சமன்படுத்தும். ஆனால் கால் காலப்பிரமாணம் தவறினால் அது மறைக்காது, இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஸ்வீடனின் மெஷுகா குழு 2008இல் தந்த ‘பிளீட்’ பாட்டில் கை நாலில் நிற்க, கால் மூன்று மூன்றாக உருளும். அந்த ஆல்பத்தின் மற்ற பாடல்களுக்கெல்லாம் சேர்த்து ஆன பயிற்சி இது ஒன்றுக்கே ஆனது என்றார் டிரம்மர் தாமஸ் ஹாக்கே. சதுஸ்ரத்தின் மேல் திஸ்ரம் ஏறும் தனி ஆவர்த்தனத்தில் தவிலுக்குத் தலையாட்டியவர்களுக்கு இது புரியும்.

தமிழர்களும் இந்தப் பயணத்தில் சேர்ந்துவிட்டார்கள். 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழுவில் கதிரேசன் பேஸ் கிதார் வாசித்து உறுமலாகப் பாட, சிவா டிரம்ஸ் வாசிக்கிறார். 2005இல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் I’ உபநிடதச் சிந்தனையையும் சமஸ்கிருத மந்திரத்தையும் டெத் மெட்டலுக்குள் கொண்டுவந்தது. வேதிக் மெட்டல் என்று அந்த இசைக்குப் பெயரும் நிலைத்தது. 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் ஸ்வீடனின் ஓபெத் குழு வாசித்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இரட்டைக்காலை நேரில் கேட்டார்கள்.

கோவை வட்டாரத்து மாரியம்மன் நோம்பிகளில் துடும்பும் ஜமாப்பும் மணிக்கணக்காக அதிரும்போது நாம் காதைப் பொத்துவதில்லை. எந்த அடி எங்கே விழுகிறது என்று கவனித்து ஆடுகிறோம். அந்தக் காதோடு ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ ஆல்பத்தை ஒருமுறை போடுங்கள், நல்ல ஹெட்போனில். முதல் சுற்றில் குரலையும் கிதாரையும் விட்டுவிட்டுக் கால்களை மட்டும் தொடருங்கள். பிடித்துப்போனால் அடுத்தது ருத்ரா.