நறுக்காமல் விட்ட குடல்

மைசூரில் கே.ஆர்.எஸ். சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்று ஜெயதேவா இதய மருத்துவமனைதான் அடையாளம். அது நிற்கும் வளாகம் நெடுங்காலம் காசநோய்க்காரர்களுடையது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணியைக் காசநோய் கொண்டுபோனது. அவர் பெயரில் எழுந்த சானடோரியத்தை ஊரார் பி.கே.டி.பி. என்பார்கள். என் பெரிய அத்தை அங்கே நர்ஸாக இருந்தார். எனக்கு வந்த கிரோன் என்னும் குடல்நோயின் பூர்வீகத்தை நான் அந்த வளாகத்திலிருந்துதான் தொடங்குவேன்.

நுரையீரல் காசநோய்க்காரர் தன் சளியைத் தானே விழுங்குவார். கிருமி குடலில் இறங்கிப் புண்ணாக்கும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாய் குறுகிவிடும். "வயித்துல ஒரு பந்து உருண்டு வந்து, கடகடன்னு சத்தம் போட்டுட்டுக் கலைஞ்சிடுதும்மான்னு சொன்னா, பெரிய டாக்டர் உடனே பேரியம் எக்ஸ்ரே எழுதிடுவார்" என்பார் அத்தை. பல வருஷம் கழித்து அதே பந்து என் வயிற்றில் உருண்டபோது, எனக்கு முன்னால் அவருக்குத்தான் புரிந்தது.

ஆனால் எனக்கு வந்தது காசநோய் இல்லை. கிரோனும் பெரும்பாலும் அதே இடத்தைத்தான் பிடிக்கும்: சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் முனை. அதே மாதிரி புண், அதே மாதிரி குறுக்கம். 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் பரில் கிரோனும் இரு சகாக்களும் 14 நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயென்று எழுதினார்கள். நம் நாட்டில் வெகுகாலம் அதை வெள்ளைக்காரர் நோய் என்றே நினைத்தார்கள். குடல் புண் என்றால் காசநோய்தான். அந்த நினைப்பில் அர்த்தம் இல்லாமல் இல்லை. காசநோயைக் கிரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி உடம்பெங்கும் பரவும். அதனால்தான் சந்தேகம் தீராதபோது முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். எனக்கும் கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமானதுதான் மிச்சம். பந்து உருண்டுகொண்டே இருந்தது.

கத்தியின் கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில், நோயுள்ள குடலை வெட்டி எறிந்தால் நோயும் போய்விடும் என்று நம்பினார்கள். வெட்டப் பயந்தவர்கள் குறுகிய இடத்தைச் சுற்றி மாற்றுப்பாதை தைத்தார்கள். 1956இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குச் செய்தது அதுதான். பிறகுதான் தெரிந்தது, வெட்டி இணைத்த தையலருகிலேயே கிரோன் மறுபடி முளைக்கிறது என்று. மறுபடி வெட்டு, மறுபடி தையல். சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ ஆறு மீட்டர்; அதன் கடைசிப் பகுதிதான் பி12 உயிர்ச்சத்தை உறிஞ்சுகிறது. அதை இழந்தவருக்கு ஆயுசுக்கும் ஊசி. மேலும் மேலும் இழந்தால் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது.

மாற்று யோசனை நம் காசநோய் வார்டுகளிலிருந்து வந்தது. ஒரே குடலில் நாலைந்து இடம் குறுகியவர்கள் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனைக்கு வந்தார்கள். அத்தனையையும் வெட்டினால் என்ன மிஞ்சும்? அங்கிருந்த சர்ஜன் கட்டாரியாவும் அவர் சகாக்களும் வெட்டி எடுக்கவில்லை. குறுகிய இடத்தை நீளவாக்கில் கீறி, குறுக்குவாக்கில் தைத்தார்கள். நீளம் கொஞ்சம் குறையும், வழி அகலமாகும். இரைப்பை வாயிலுக்கு முன்பே இருந்த பழைய தையல்தான். குடலுக்குக் கொண்டுவந்ததுதான் புதுசு. 1977இல் எழுதினார்கள். 1982இல் ஆக்ஸ்போர்டின் இமானுவேல் லீ அதையே கிரோனுக்குச் செய்துகாட்டினார். பெயர் என்னவோ மேல்நாட்டு நோய், வழி கண்டது சண்டிகர். இதை எந்த டாக்டரைப் பார்த்தாலும் நான் சொல்லிவிடுவேன்; பாதிப் பேர் சிரித்துக்கொள்வார்கள்.

காசநோய்ப் பக்கம் கத்தி இன்னும் பின்வாங்கியது. 1988இல் டெல்லி மருத்துவர்கள், குறுகிய குடலோடு வந்த 39 பேருக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவை தேவைப்பட்டது மூன்று பேருக்கு.

எனக்கோ கிரோனுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு போதவில்லை. மூன்று குறுக்கம். "தையல் விட்டுப்போச்சுன்னா உள்ளேயே கசியும், அதுதான் எனக்குப் பயம்" என்று சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார். ஸ்டீராய்டு காயத்தை ஆறவிடாது, மெலிந்த உடம்பில் தையல் பிடிக்காது. ஆகவே ஸ்டீராய்டைக் குறைத்து, புரதக் கஞ்சியாகக் குடிக்கவைத்துச் சில வாரம் காக்கவைத்தார். வீட்டில் முருங்கைக்காய், கீரைத்தண்டு, வேர்க்கடலை எல்லாம் தடை. பிதுக்கம்பருப்புக்கு மட்டும் அத்தை வாதாடி அனுமதி வாங்கினார், தோல் நீக்கியதுதானே என்று. நசுக்கிக் குழைத்துத்தான் போட்டார்.

இரண்டு குறுக்கத்தை நீளவாக்கில் கீறித் தைத்தார்கள். மூன்றாவதை மட்டும், தழும்பு கெட்டியாகிவிட்டதால், சாண் நீளம் வெட்டி எடுத்தார்கள். வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பியபோதும் சீட்டில் முதல் கேள்வி காசநோயா என்பதுதான். இல்லை என்று பதில் வந்த பிறகே கிரோனுக்கான இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி தொடங்கியது, அதுவும் நெஞ்சு எக்ஸ்ரே இன்னொரு முறை பார்த்து. உறங்கிக் கிடக்கும் காசநோயை அந்த ஊசி எழுப்பிவிடுமாம்.