ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டவர்கள்: பம்பாய் ஆலைகளும் 1884ஆம் ஆண்டு மனுவும்

இந்தியத் தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் அரசு ஆவணங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. 1881, 1891, 1911, 1922 என ஆண்டுகளை வரிசைப்படுத்தும் அவ்வரலாற்றில் காலனிய அரசு சட்டம் இயற்றுகிறது, ஆலை முதலாளிகள் எதிர்க்கிறார்கள், தேசியவாதிகள் ஐயுறுகிறார்கள். தொழிலாளர் மட்டும் பேசுவதில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளின் தொடக்க காலத்தைக் கூர்ந்து நோக்கினால், சட்டம் பேசாதவற்றை அவர்களே முதலில் பேசினர் என்பது புலனாகும்.

காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் நிறுவிய பம்பாய் நூற்பு நெசவு ஆலை 1856இல் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் நகரின் ஆலைகள் பெருகின. கொங்கணத்தின் இரத்தினகிரியிலிருந்தும் தக்காணத்தின் சாதாராவிலிருந்தும் உழவர் குடும்பத்தார் வந்து, 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். வேலை கிடைப்பதும் நிலைப்பதும் 'ஜாபர்' எனப்பட்ட மேஸ்திரியின் கையில் இருந்தன. மின்விளக்கு வராத அக்காலத்தில் வேலைநாள் விடியலில் தொடங்கி அந்தியில் முடிந்தது. கோடையில் பகல் நீண்டபோது உழைப்பும் நீண்டது. வாரம் ஒருநாள் ஓய்வு என்ற உறுதி எவருக்கும் இல்லை.

1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் இந்நிலையை மாற்ற வந்ததாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பின்னணியில் இருவேறு நோக்கங்கள் கலந்திருந்தன. பம்பாயில் சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி போன்ற சீர்திருத்தவாதிகள் குழந்தை உழைப்பைக் கண்டித்தனர். இங்கிலாந்தில் லங்காஷயர் துணி உற்பத்தியாளர்களோ, மலிவான உழைப்பால் இந்திய ஆலைகள் தம்முடன் போட்டியிடுவதைத் தடுக்க விரும்பினர். இந்த இரண்டாம் நோக்கத்தைச் சுட்டிக்காட்டித் தேசியவாத இதழ்களில் பெரும்பாலானவை சட்டத்தையே எதிர்த்தன. இந்தியத் தொழிலின் நலனும் இந்தியத் தொழிலாளியின் நலனும் ஒன்றே என அவை கருதின.

சட்டம் தந்ததோ மிகக் குறைவு. 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றிய ஆலைகளில் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. 7 முதல் 12 வயதுவரையுள்ளோர்க்கு 9 மணி நேர வேலையும் மாதம் 4 நாள் விடுமுறையும் வரையறுக்கப்பட்டன. வயதுவந்தோரின் வேலைநேரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்த மௌனத்தை உடைத்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சார்ந்த இவர், ஆலையில் பணியாற்றிய பட்டறிவு உடையவர். 1880முதல் 'தீனபந்து' இதழை நடத்தியவர். 1884 செப்டம்பரில் இவர் கூட்டிய கூட்டங்களில் ஒரு மனு உருவாயிற்று. 5,500 தொழிலாளர் ஒப்பமிட்ட அம்மனு ஐந்து கோரிக்கைகளைக் கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் முழு ஓய்வு, நண்பகலில் அரைமணி நேர இடைவேளை, காலை 6.30 மணிமுதல் கதிர் மறையும்வரை மட்டுமே வேலை; மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கூலி; காயமுற்றால் குணமாகும்வரை முழுக்கூலி, ஊனமுற்றால் பிழைப்புக்கு வழி. நேரத்தோடு கூலியையும் உடலையும் இணைத்து நோக்கிய ஒரு முழுமையான பார்வை இதில் உண்டு.

1890 ஏப்ரல் 24 அன்று ஏறத்தாழ 10,000 தொழிலாளர் திரண்டனர். பெண் தொழிலாளர் இருவரும் பேசினர். அவ்வாண்டு ஜூனில் ஆலை முதலாளிகள் வார விடுமுறையை ஏற்றனர். 1891ஆம் ஆண்டின் சட்டம் அதன் பிறகே அதனை விதியாக்கியது. பெண்களுக்கு 11 மணி நேரம் என்ற வரம்பும் அப்போது வந்தது. ஆண்களின் வேலைநேரத்திற்கு வரம்பு காண 1911வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனினும், சட்டமும் தொழிலாளர் இயக்கமும் நெடுங்காலம் தொடாத ஒரு வாசல் ஆலைக்குள்ளேயே இருந்தது. நெசவுப் பிரிவில் தறியின் நாடாவில் புதிய தார்க்குச்சியை மாற்றும்போது, நூல்முனையைத் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுப்பது வழக்கம். எச்சில் தீட்டு எனக் கூறி, தலித் தொழிலாளரைச் சாதி இந்து நெசவாளர்கள் உள்ளே விடவில்லை. கூலி கூடுதலாக இருந்த பிரிவும் அதுவே. 1928ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் வலியுறுத்திய பின்னரே, தலித்துகளுக்கு நெசவுப் பிரிவில் வேலை என்பது கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. நவீன எந்திரம் சாதியைத் தானே கரைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சிறு நாடாவே மறுப்பு.

1884ஆம் ஆண்டு மனுவைச் சட்டங்களுக்கு முன்னுரையாக மட்டும் படிப்பது போதாது. சட்டம் எவற்றைக் காணத் தவறியது என்பதற்கான சான்றாக அதனையும், அம்மனுவும் காணாததற்கான சான்றாக நெசவுப் பிரிவின் வாசலையும் சேர்த்துப் படிக்கும்போதே இந்தியத் தொழில்மயத்தின் சமூக வரலாறு துலங்கும்.