வெயிலில் பறக்கும் விஷம்

நாலே நாலு மஞ்சள் பூ. வீட்டு வாசலில், பச்சைப் புல்வெளிக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கின்றன. அழகுதானே என்கிறீர்களா? புல்வெளி வளர்க்கும் அமெரிக்கரிடம் சொல்லிப் பாருங்கள், முறைப்பார். பூவின் பெயர் டான்டிலையன். அவருக்கு அது பரம எதிரி. காரணம், பூ காய்ந்ததும் பஞ்சு மாதிரி விதைகள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுப் புல்லிலும் போய் உட்கார்ந்துவிடும். இந்தப் பூவை ஒழிக்க எண்பது வருடமாக ஒரு யுத்தம் நடக்கிறது. அதில் கோடை வெயில் யார் பக்கம் என்பதுதான் இந்த வாரக் கதை.

புல்வெளி என்பதே ஒரு காலத்தில் பிரபுக்களின் சமாசாரம். அரிவாள் பிடித்த ஆட்கள் வேண்டும், இல்லையென்றால் மேய ஆட்டு மந்தை வேண்டும். நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகுமா? 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் இதை மாற்றினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்தவருக்கு ஒரு யோசனை. பிசிறை வெட்டுவது புல்லை வெட்டாதா? வெட்டியது! புல்வெட்டும் இயந்திரம் பிறந்தது. பிரபுவின் புல்வெளி மெல்ல மெல்ல குமாஸ்தா வீட்டு வாசலுக்கும் வந்தது.

களை? அதைக் கையால்தான் பிடுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பழைய கத்தி, ஒரு வாளி, முட்டி வலி. எல்லாச் செடியையும் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். க்ளோவர் என்று மூன்று இலைச் செடி ஒன்று உண்டு. அதன் விதையைப் புல் விதையோடு கலந்தே விற்றார்கள். அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். ஓசியில் உரம்!

அப்புறம் வந்தது இரண்டாம் உலகப் போர். புல்வெளிக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் எஸ்ரா க்ராஸ். செடிகளை வளரவைக்கும் ஹார்மோனைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தோன்றியது இதுதான்: கொஞ்சம் கொடுத்தால் வளரும் செடி, அளவுக்கு மீறிக் கொடுத்தால் செத்துப்போகுமே? எதிரி நாட்டின் பயிரையே அழித்துவிடலாமே? அமெரிக்க ராணுவம் காதைத் தீட்டிக்கொண்டது. மேரிலாண்டில் கேம்ப் டெட்ரிக் என்ற ரகசிய ஆய்வு மையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் சோதித்தார்கள். அந்த ஆராய்ச்சியில் முன்னால் வந்து நின்றது 2,4-டி. இங்கிலாந்திலும் இதே குடும்பத்து மருந்துகளில் தனியாக ரகசிய ஆராய்ச்சி நடந்தது.

2,4-டி செடியைப் பட்டினி போட்டுக் கொல்வதில்லை. வளரவைத்தே கொல்கிறது! தண்டு முறுக்கும், இலை சுருளும், தாறுமாறாக வளர்ந்து செடி தானே சாகும். வேடிக்கை என்னவென்றால், அகன்ற இலைச் செடிகள்தான் சாகும். புல் ஜாதி தப்பித்துவிடும். 1944-ல் மார்த், மிட்செல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு புல்வெளியில் தெளித்துப் பார்த்தார்கள். டான்டிலையன் காலி. புல் அப்படியே நின்றது!

எதிரியின் வயலில் தெளிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. ராணுவத்துக்காகத் தேடிய மருந்து 1945-ல் 'வீட்ஒன்' என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் புறநகரில் வீடு வாங்கினார்கள். வீட்டுக்கு முன் புல்வெளி, கையில் தெளிப்பான். கத்தியும் வாளியும் பரணுக்குப் போயின.

இங்கேதான் ஒரு கணக்கு இடித்தது. 2,4-டி டான்டிலையனைக் கொன்ற கையோடு க்ளோவரையும் கொன்றது. மருந்துக்கு இரண்டுமே அகன்ற இலைதான். நேற்றுவரை விருந்தாளியாக இருந்த க்ளோவர், இன்று களை! ஓசி உரம் போச்சு. இனி நைட்ரஜனைக் காசு கொடுத்து மூட்டையாக வாங்க வேண்டும். எது களை என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யவில்லை, மருந்து முடிவு செய்தது.

சரி, வெயில் எங்கே வந்தது? 2,4-டியில் ஈஸ்டர் என்று ஒரு வகை. இலைக்குள் சட்டென்று இறங்கும், ஆனால் சூட்டில் ஆவியாகும். காலையில் உங்கள் புல்லில் தெளித்தது, மத்தியானம் வெயில் ஏறியதும் ஆவியாகக் கிளம்பி வேலி தாண்டிவிடும். தக்காளி, திராட்சை, பருத்தி... இவையெல்லாம் அதன் வாசனை பட்டாலே சுருண்டுபோகிற ஜாதி. அமைன் என்ற உப்பு வகை இந்த அளவுக்கு ஆவியாகாது. ஆனால் காற்றடித்தால் அதன் துளியும் பறக்கும். நம் ஊர் நெல் வயலுக்கும் 2,4-டி தெளிக்கிறார்கள். பக்கத்தில் பருத்தி இருந்தால் ஆபத்து என்பதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்கா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஆர்கன்சாவில் நெல் வயலுக்கு விமானத்திலிருந்து 2,4-டி பொடியைத் தூவ, அது காற்றில் போய் வேறொருவர் பருத்தியை அழித்தது. 1949-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தயாரித்த கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பறந்துபோனது மருந்தாக இருக்கலாம், நஷ்டம் நிஜமாச்சே!

அடுத்தது வியட்நாம். 2,4-டி பாதி, 2,4,5-டி பாதி கலந்ததுதான் 'ஏஜெண்ட் ஆரஞ்ச்'. 1962 முதல் 1971 வரை ஏஜெண்ட் ஆரஞ்சும் வேறு களைக்கொல்லிகளுமாக 7 கோடி லிட்டருக்கு மேல் காடுகளிலும் வயல்களிலும் கொட்டினார்கள். அதிலிருந்த டையாக்சின் என்ற கொடிய நஞ்சு முக்கியமாக 2,4,5-டி தயாரிப்பில் உண்டானது. அந்தப் பாதியை அமெரிக்காவே பிறகு தடை செய்தது. மற்றப் பாதி புல்வெளியிலேயே தங்கிவிட்டது. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2,4-டியை 'புற்றுநோய்க்கு வாய்ப்பிருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது. நிரூபணம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டு தெளிக்கலாம் என்றும் அர்த்தமில்லை.

கனடாவில் மாண்ட்ரியல் பக்கம் ஹட்சன் என்று ஐயாயிரம் பேர் வசிக்கும் ஒரு சிற்றூர். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் 1985-லிருந்து ஊர்மன்றக் கூட்டங்களுக்கு விடாமல் போய், 'அழகுக்காக ஏன் விஷம் தெளிக்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1991-ல் ஊர்மன்றம் தடை போட்டது. புல்வெளிப் பராமரிப்புக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. பத்து வருடம் இழுத்தது. 2001 ஜூன் 28 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: ஊருக்கு அந்த உரிமை உண்டு! 2009-ல் ஒன்டாரியோ மாநிலம் முழுவதுமே அழகுக்காகத் தெளிப்பது தடைசெய்யப்பட்டது. புல்வெளி அப்படியேதான் இருக்கிறது, ஊர் இடிந்துவிடவில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். புல்வெளி மருந்துகளில் 2,4-டியோடு கலக்கும் இன்னொரு சரக்கு டைகாம்பா. இதுவும் சூட்டில் பறக்கும். அதைத் தாங்கும் சோயா விதை வந்ததும் கோடையில் வயல்களில் தெளித்தார்கள். பக்கத்து வயல் சோயா இலைகள் கிண்ணம் மாதிரி சுருண்டன. 2016 அக்டோபரில் ஆர்கன்சாவில் இந்தத் தகராறில் ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். களை மருந்துக்காக ஒரு உயிர்! 2017-ல் 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகம் மதிப்பிட்டது.

ஆக, வெயில் யார் பக்கம்? நிச்சயம் உங்கள் பக்கம் இல்லை. வெப்பம் 30 டிகிரியை நெருங்கினாலே தெளிக்காதீர்கள் என்று இத்தகைய மருந்துகள் பலவற்றின் லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கும். அந்தச் சூட்டில் மருந்து பறக்கும். தண்ணீரில்லாமல் வாடிய களை மருந்தைச் சரியாக உறிஞ்சாது. ஏற்கெனவே துவண்டு நிற்கும் உங்கள் புல்தான் கருகும். டான்டிலையனுக்கு நல்ல நேரம் இலையுதிர்காலம். அப்போது செடி சத்தை வேருக்கு அனுப்பும், மருந்தும் கூடவே வேருக்கு இறங்கும்.

கோடையில் என்னதான் செய்வது? மாலையில் தண்ணீர் பாய்ச்சுங்கள், மறுநாள் அதிகாலையில் ஈரமண்ணில் வேரோடு பிடுங்குங்கள். புல்லை ஒட்ட வெட்டாமல் மூன்று அங்குலம் விடுங்கள். நிழல் விழும் மண்ணில் களை விதை முளைக்கத் திணறும். தினமும் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். மருந்துதான் வேண்டும் என்றால் குளிர்ச்சியான, காற்றில்லாத காலை வரை காத்திருங்கள். களை இருக்கும் இடத்தில் மட்டும் தெளியுங்கள். கையுறை போடுங்கள். காயும்வரை குழந்தையும் நாயும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் குறைந்தா போய்விடுவோம்? வேலி உங்களுக்குத்தான் எல்லை. ஆவிக்கு இல்லை. பரணில் கிடக்கும் அந்தப் பழைய கத்தியையும் வாளியையும் இறக்குங்கள். எந்த வெயிலிலும் அவை பறந்துபோகாது!