சீம்பால் ஊட்டிய கைகள்

தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பால்மரத்தின் பாலையே அளந்தனர்; பசுவின் பாலை அளந்தவர் சிலரே. சுங்கை பூலோவின் வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டது. 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டத்தாலும், 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பாலும் அவ்வூர் பெயர் பெற்றது. ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் லயன் வீடுகளையடுத்து நின்ற மாட்டுக் கொட்டில்களுக்கும் வரலாறு உண்டு.

விடியலில் மரம் வெட்டச் சென்றோர்க்குப் பிற்பகலில் சிறிது பொழுது எஞ்சியது. மரங்களிடையே புல்லும் கிடைத்தது. குறைகூலிக் குடும்பத்துக்குக் கறவைப் பசு இரண்டாவது வருவாய் ஆயிற்று. இந்தியத் தொழிலாளரோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்களைக் கால்நடை நூலார் ‘உள்ளூர் இந்தியக் கறவையினம்’ எனத் தனிப் பெயரிட்டு வழங்குவர். ஓரினம் தனிப்பெயர் பெறவேண்டுமாயின் அதன் கன்றுகள் தலைமுறைதோறும் பிழைத்திருக்க வேண்டுமன்றோ!

திமிலுடைய பசு, கன்று முட்டாமல் எளிதில் பால் சுரப்பதில்லை. கன்று மாண்டால் அவ்வீற்றின் பாலும் பெரும்பாலும் போயிற்று. தமிழகத்தில் தோற்கன்றைக் காட்டிக் கறந்த வழக்கம் இதனால் எழுந்ததே. ஆகவே, பிறந்தும் எழ மாட்டாத கன்றைக் காப்பது இரக்கத்தோடு பிழைப்பும் ஆயிற்று.

ஈன்ற அணிமையைக் குறிக்கப் ‘புனிறு’ என்றொரு தனிச்சொல்லையே தொல்காப்பியம் காட்டுகிறது. அவ்வேளையில் மாடு வளர்ப்போர் செய்வன நுட்பமானவை. மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை வழித்து, உலர்ந்த சாக்கால் உடலைத் தேய்த்துச் சூடேற்றுவர். காம்பைப் பீச்சி அடைப்பை நீக்குவர். கன்றின் இடுப்பைத் தாங்கி நிறுத்திப் பாலில் நனைத்த விரலை அதன் வாயில் வைப்பர். நாக்கு விரலைச் சுற்றிப் பற்றியதும் விரலை எடுத்துக் காம்பைக் கொடுப்பர். பொறுமையற்றோர் மூங்கிற்குழாயால் பாலைப் புகட்டுவதுண்டு. அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெட்டுக் கன்று மடியும். உறிஞ்சும் கன்றுக்கோ, இரைப்பையின் உள்ளே ஒரு பள்ளம் மடிந்து குழாய்போலாகிப் பாலை நேரே நான்காம் இரைப்பைக்குச் செலுத்துகிறது. விரலால் உறிஞ்சப் பழக்குவதன் பயன் இதுவே.

மனிதக் குழவி நோய்க்காப்புப் பொருளின் ஒரு பகுதியைக் கருவிலேயே தாயிடம் பெறுகிறது, கன்று பெறுவதில்லை. சீம்பாலே அதற்குக் காப்பு. ஏறத்தாழ ஒருநாள் கழிந்தபின் கன்றின் குடல் அக்காப்பை உள்ளேற்காது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி ஊட்டப்பட வேண்டும் என்பர். சீம்பாலைக் கடும்பாகக் காய்ச்சி அண்டை வீட்டார்க்குப் பகிர்வது இனிய வழக்கந்தான். ஆனால் நலிந்த கன்றின் முதல்நாட் பங்கில் எடுத்த கடும்பை நான் போற்றமாட்டேன்.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புத் திட்டங்கள் பெருகின. சுங்கை பூலோவின் ஆராய்ச்சி நிலத்தில் குவாசா டாமான்சாரா என்னும் புதுநகர் எழலாயிற்று. 2016இல் அவ்வழியே பெருவிரைவு ரயிலும் ஓடத் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பாத்திரம், பெட்டி, சாமி படம் ஆகியவற்றை ஏற்றிச் சென்றன. மாட்டுக்கு மாடியில் இடம் ஏது?