பத்து மைல்

சென்னையில் சேப்பாக்கத்திலிருந்து திருமயிலைக்குப் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே கீழே பார்த்தால், கறுத்துத் தேங்கிய தண்ணீர் கூடவே வருவதைக் காணலாம். ரயில் பாதையின் தூண்கள் அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கின்றன. அதுதான் பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் துண்டு, 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஊரை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பட்டினிக் கூட்டம் கூடை சுமந்து வெட்டிய கால்வாய் அது. பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவினுடையது.

பெரியவர்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லிக் கேட்டிருப்போம். தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்தது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் ஏமாற்றியது, வடகிழக்கும் ஏமாற்றியது. பெல்லாரி, கர்னூல், கடப்பை என்று வடக்கே தொடங்கி சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு வரை வயல்கள் காய்ந்தன. அடுத்த ஆண்டின் தென்மேற்கும் தாமதித்தது. 1878க்குள் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

அரசாங்கம் செலவு செய்து மக்களுக்கு வேலை கொடுப்பது என்ற ஏற்பாட்டின் நம் நாட்டுக் கதையை இந்தக் கால்வாயிலிருந்து தொடங்கலாம். அதன் பிறப்பில் இருந்த கொடுமையைப் பார்க்காமல் அதன் வளர்ச்சி புரியாது.

சென்னை அரசு முதலில் கொஞ்சம் இரக்கத்தோடுதான் நடந்துகொண்டது. 1876இன் கடைசியில் ஆர்பத்நாட் கம்பெனி மூலமாக 30,000 டன் தானியத்தைச் சத்தமில்லாமல் வாங்கி இருப்பு வைத்தது. வைஸ்ராய் லிட்டனுக்கு இது பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடுவதாவது என்று கண்டித்தார். விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டிய கையோடு, தெற்கே செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார்.

டெம்பிளின் முன்கதை வருத்தமானது. 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து, தாராளமாக வேலையும் உணவும் கொடுத்து, சாவு அதிகமில்லாமல் காப்பாற்றியவர் இவரே. அதற்காக அவர் பாராட்டப்படவில்லை. ஊதாரித்தனம் செய்தார் என்ற பழிதான் மிஞ்சியது. அந்தப் பழியைத் துடைக்க வந்தவராகத்தான் 1877இல் சென்னைக்கு வந்தார் என்று எண்ணத் தோன்றுகிறது. நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. ‘டெம்பிள் கூலி’ என்று அவர் பெயராலேயே அது வரலாற்றில் நிற்கிறது.

இதை எதிர்த்து நின்றவரும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஒன்றரைப் பவுண்டு தானியமும் கூடவே பருப்பும் காய்கறியும் இல்லாமல் உழைக்கும் உடம்பு தாங்காது என்று எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். சிறையில் கடுங்காவல் கைதிக்குக் கிடைக்கும் சாப்பாடுகூட இவர்களுக்கு இல்லை என்று ஒப்பிட்டுக் காட்டினார். சில மாதங்களில் சென்னையில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் எத்தனையோ பேர் மடிந்திருந்தார்கள்.

கூலியைவிடக் கொடியதாக இன்னொன்று இருந்தது. உடல் வலுவுள்ளவர்களுக்கு, அவர்கள் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால்தான் வேலை என்ற விதி அது. தூரச் சோதனை என்று அதற்குப் பெயர். உண்மையிலேயே பசித்தவன் எவ்வளவு தூரமானாலும் வருவான், வராதவனுக்குப் பசி இல்லை என்பது அதன் கணக்கு.

இந்தக் கணக்கு யாரை வடிகட்டும் என்று கொஞ்சம் யோசித்தால் நெஞ்சு பதறுகிறது. கைக்குழந்தைக்காரி பத்து மைல் நடக்க முடியாது. படுக்கையில் மாமியார் கிடந்தால் மருமகள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. ஒற்றைப் பசுமாட்டை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர் அதை விட்டுப் போக முடியாது. போய்விட்டாலோ, மழை பெய்கிற அன்று ஊரில் விதைக்க ஆள் இருக்காது. நடக்கத் தெம்பு இருந்தபோது போகாமல் வீட்டோடு கிடந்து, தெம்பு போன பிறகு கிளம்பி, வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

பம்பாய் மாகாணத்தில் மக்கள் இதை ஏற்கவில்லை. கூலியையும் குறைத்து, ஊருக்கு அருகிலிருந்த வேலையிலிருந்து தொலைவிலுள்ள பெரிய வேலைகளுக்கு விரட்டியபோது, பூனா பக்கத்துப் பஞ்சத் தொழிலாளர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். பட்டினி கிடப்பவர்கள் செய்த வேலைநிறுத்தம்! கணேஷ் வாசுதேவ் ஜோஷியும் ரானடேயும் இருந்த பூனா சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்று அரசுக்கு எழுதியது.

பஞ்சம் ஓய்ந்த பின் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். 1880இல் அறிக்கை, 1883இல் பஞ்சச் சட்டத் தொகுப்பின் மாதிரி என்று வரிசையாக வந்தன. எப்போது பஞ்சம் என்று அறிவிப்பது, யாருக்கு வேலை, யாருக்கு இலவசக் கஞ்சி என்றெல்லாம் அதில் முறைப்படுத்தப்பட்டது. மக்களைச் சாகவிடாமல் காப்பது அரசின் கடமை என்பதை ஆட்சி எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் அது அதிகாரியின் கையிலிருந்த கடமை. பசித்தவர் அதைக் கேட்டுப் பெறும் உரிமையாக அது ஆகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏரி, கண்மாய், வரத்துக்கால்களைத் தூர்வாரும் வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் சேர்ந்து செய்துவந்ததுதான். அதைச் செய்யத் தவறினால் தண்டம் வசூலிக்க 1858இலேயே சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். கூலியில்லாக் கடமையாக இருந்த அதே மண்வேலைக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து அரசு கூலி கொடுக்கும் நிலை வந்தது. நடுவில் நடந்தது மகாராஷ்டிரத்தில்.

1970 முதல் மூன்றாண்டுகள் மகாராஷ்டிரத்தில் மழை பொய்த்தது. ஆங்கிலேயர் காலப் பஞ்சச் சட்டத்தின் வாரிசான கையேட்டை வைத்துக்கொண்டு, 1973 மே மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேருக்கு அந்த மாநிலம் ஒரே நேரத்தில் நிவாரண வேலை கொடுத்தது. ஜல்லி உடைத்தார்கள், சாலை போட்டார்கள், வயலுக்கு வரப்புக் கட்டினார்கள், ஊருணிகளை வெட்டினார்கள். 1877ஐப் போல வறண்ட பூமி. ஆனால் அதுபோன்ற சாவு நடக்கவில்லை.

அதற்கு முன்பே, மாநில மேலவைத் தலைவராக இருந்த வி.எஸ். பாகே என்ற காந்தியவாதி, சாங்க்லி மாவட்டத்தின் தாஸ்காவ் பகுதியில் சின்ன அளவில் ஒன்றைச் சோதித்துப் பார்த்திருந்தார். வறட்சி வந்த பிறகுதான் வேலை கொடுக்க வேண்டுமா, கேட்கிறவருக்கு எந்த ஆண்டும் கொடுத்தால் என்ன என்பதே அவர் கேள்வி. ‘மாகேல் த்யாலா காம்’, கேட்டவருக்கு வேலை, என்று அது முழக்கமானது. வேலைக்குத் தகுதியை அதிகாரி பார்க்க வேண்டியதில்லை. கல் சுமக்க முன்வருவதே போதுமான அத்தாட்சி. டெம்பிள் பத்து மைல் வைத்துச் சோதித்ததை, பாகே கேட்கிறவரின் சொல்லை நம்பித் தீர்த்தார்.

பணத்துக்கு வழி? நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் மீது 1975இல் தொழில் வரி போட்டார்கள். அந்த வரி கிராமத்தின் வேலைக்குப் போனது. பம்பாயில் ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடித்த சில ரூபாய், வறண்ட தாலுகா ஒன்றில் மண்வெட்டி பிடித்தவரின் கூலியானது. இதைப் போன்ற நேர்த்தியான ஏற்பாடு நம் நிதி வரலாற்றில் அதிகம் இல்லை. 1977இல் வேலை உறுதிச் சட்டம் நிறைவேறி, 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்ட பதினைந்து நாளில் வேலை தராவிட்டால், நாளைக்கு ஒரு ரூபாய்க்குக் குறையாத படி கொடுக்க வேண்டும் என்றது சட்டம்.

தூரம் மட்டும் முழுதாகத் தீரவில்லை. உத்தரவாதம் மாவட்ட அளவில்தான் இருந்தது. எங்கே வேலை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு இருக்கவில்லை. 1988இல் கூலியைக் குறைந்தபட்சக் கூலியோடு சேர்த்து உயர்த்தியபோது இன்னொரு குறையும் வெளிப்பட்டது. கேட்டவருக்கெல்லாம் வேலை என்பது சட்டத்தில் இருந்தாலும், புதிய வேலைகளைத் திறப்பது சுருங்கியது. காகிதத்திலுள்ள உரிமைக்குப் பின்னால் பணமும் பொறுப்புள்ள அதிகாரியும் நின்றால்தான் அது மண்ணில் இறங்கும்.

ராஜஸ்தானில் வேறொரு சண்டை நடந்தது. அங்கே பஞ்ச வேலைக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என்று 1964இலிருந்து விலக்குச் சட்டமே இருந்தது. அஜ்மீர் மாவட்டத்தில் சாலை போட்ட பெண்களுக்கு, குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 7 ரூபாய் என்றிருந்த காலத்தில், அதுகூடக் கைக்கு வரவில்லை. கும்பல் கும்பலாக அளந்து, செய்த வேலை குறைவு என்று கூலியில் பிடித்தார்கள். அந்த மாவட்டத்தின் திலோனியா கிராமத்தில் சமூகப் பணியாற்றிய பங்கர் ராய் உச்ச நீதிமன்றம் போனார். 1983இல் தீர்ப்பு வந்தது. பஞ்சத்தைக் காட்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுத்த கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். 1877இல் கார்னிஷ் எழுதிய ஆட்சேபத்துக்கு நூறாண்டு தாண்டி நீதிமன்றத்திலிருந்து வந்த பதில் என்றே இதைச் சொல்லலாம்.

அதே ராஜஸ்தானில் 1990களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, அரசு வேலைகளின் வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டது. இறந்தவர் பெயரிலும் வராதவர் பெயரிலும் கூலி எழுதியிருப்பதை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு விதை அங்கே விழுந்தது. அந்தச் சட்டமும் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமும் ஒரே ஆண்டில், 2005இல், நாடாளுமன்றத்தில் நிறைவேறின.

வேலை உறுதித் திட்டத்தை 2006 பிப்ரவரி 2 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தது அனந்தபூர் மாவட்டத்துப் பண்ட்லபள்ளி கிராமத்தில். தாது வருஷத்தில் அனந்தபூர் என்று தனி மாவட்டம் கிடையாது. 1882இல்தான் அது பெல்லாரியிலிருந்து பிரிந்தது. அன்று சென்னை மாகாணத்தில் மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று பெல்லாரி.

குடும்பத்துக்கு ஆண்டில் நூறு நாள் வேலை, பதினைந்து நாளில் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத விதி ஒன்றும் அதில் இருந்தது. வேலை வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றது அது. அதைத் தாண்டினால் கூலியோடு பத்து சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. டெம்பிள் காலத்தில் தூரத்தின் விலையைப் பசித்தவர் கட்டினார். இந்தச் சட்டம் அதை அரசின் கணக்கில் எழுதியது.

தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்களில் முதலில் தொடங்கி, 2008 ஏப்ரலில் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. சட்டத்தின் நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ‘நூறு நாள் வேலை’ என்றார்கள், சில ஊர்களில் ‘ஏரி வேலை’. தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சொந்த ஊர் ஏரிக்குள் இறங்கி, பணித்தளப் பொறுப்பாளர் காட்டிய இடத்தில் குழி வெட்டினார்கள். செய்த மனித நாட்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்களுடையது. வெளியூர் போக முடியாத வயதானவர்களும் கணவனை இழந்தவர்களும் அதில் நிறைய. வயல் வேலைக்குப் பெண் வாங்கிய கூலி ஆணின் கூலியில் பாதியாக இருந்த ஊர்களில், இது என்ன மாற்றம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள் என்ற ஏச்சும் கூடவே வந்தது. ஊரின் மேற்பார்வை சரியில்லாத இடங்களில் அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த ஏச்சைச் சொல்பவர்கள், வெயிலில் ஏரி மண் எத்தனை கெட்டி என்பதை ஒருமுறை கையால் வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். நூறு நாள் என்பதும் பேச்சளவில்தான். நாடு முழுவதும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஐம்பது நாளை ஒட்டியே.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சூரத்திலும் மும்பையிலும் டெல்லியிலும் வேலை இழந்தவர்கள் நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கினார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, பத்து மைல் அல்ல, நூற்றுக்கணக்கான மைல்கள். ஊர் போய்ச் சேர்ந்தவர்களில் பலர் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை அட்டை கேட்டார்கள். மத்திய அரசு அந்த ஆண்டு 40,000 கோடி ரூபாயைக் கூடுதலாக ஒதுக்க வேண்டியதாயிற்று. 2020–21இல் ஏழரைக் கோடிக் குடும்பங்கள், பதினோரு கோடிப் பேர், தங்கள் ஊர்ப் பக்கத்து ஏரிகளிலும் குளங்களிலும் சாலைகளிலும் வேலை செய்தார்கள். மொத்தம் 389 கோடி மனித நாட்கள்.